‘தண்ணீர்’ வரவில்லை, முருகன் பாட்டு வருகிறது

சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: “அப்பாவுக்கு 68 வயது. மூன்று மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நாங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் தண்ணீர் கேட்கக்கூட வாயில் சொல் வரவில்லை. பூசை நேரத்தில் மட்டும் முருகன் பாட்டை முழுசாகப் பாடுகிறார். நடிக்கிறாரோ என்கிறார் அண்ணன்.”

நடிப்பே இல்லை. அண்ணனிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

சொற்களைத் தேடிக் கோத்துப் பேசும் வேலையில் பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையின் முன்மடலில் உள்ள புரோக்கா பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. 1861இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, ‘டான்’ என்பதைத் தவிர ஏறக்குறைய எதுவுமே சொல்ல முடியாத ஒருவரின் மூளையை, அவர் இறந்தபின் பார்த்து அங்கே சேதம் இருந்ததைக் காட்டினார். (அந்த நோயாளிக்கும் கோபம் வந்தால் வசவு மட்டும் தெளிவாக வருமாம்.) வலது கையை இயக்கும் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் ரத்தம் தரும் குழாய் ஒன்றுதான். அதனால்தான் கையும் பேச்சும் சேர்ந்தே போயின. கேட்டுப் புரிந்துகொள்ள முக்கியமான இடம் இன்னும் பின்னால், காதை ஒட்டிய மடலில் இருக்கிறது. அது உங்கள் அப்பாவுக்குப் பெருமளவு தப்பியிருக்க வேண்டும்.

சரி, பாட்டு எப்படி வருகிறது? ஐம்பது வருடம் பாடிய பாட்டுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. ராகத்தில் வலது மூளைக்கும் பெரிய பங்கு உண்டு.

இதை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். அவருடைய இடது கையைப் பிடித்து, அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டியபடி, “தண்…ணீ… வே…ணும்” என்று இரண்டே சுரத்தில் இழுங்கள். முதலில் நீங்கள் மட்டும், அப்புறம் இருவரும் சேர்ந்து, பிறகு பாதியில் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். 1970களிலிருந்தே புழக்கத்தில் இருக்கும் முறைதான் இது. பேச்சு சிகிச்சையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு பலன் தராது. சொல்லுக்குத் தவிக்கும்போது பத்து விநாடியாவது பொறுங்கள். ‘சொன்னால்தான் தருவேன்’ என்று தம்ளரை மறைப்பது கொடுமை.

சிகிச்சை ஆங்கிலத்தில் நடந்தால், வீட்டில் தமிழ்தான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தேக்கா சந்தையில் மலாயில் பேரம் பேசியவர் என்றால் அதையும் சொல்லுங்கள். மொழிகள் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை.

திடீரென முகம் கோணினாலோ பேச்சு இன்னும் குழறினாலோ பயிற்சியெல்லாம் அப்புறம், உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.