அல்ட்ராலைட் விமானம் புறப்படும்போதே விழுவது ஏன்? ஜாய்ரைடு போகலாமா?

விழவிருந்த ஒன்றில் நானே உட்கார்ந்திருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரைத் தாண்டி ஒரு சின்ன ஓடுதளம். அலுமினியக் குழாய்ச் சட்டம், துணி போர்த்திய இறக்கை, இரண்டு சீட். ரோட்டாக்ஸ் 582 எஞ்சின், 65 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக். பழைய ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற மாதிரி பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினார்கள். தரையில் சூடேற்றும்போது ஒரு குறையும் தெரியவில்லை. பைலட் சார் ஃபுல் த்ராட்டில் கொடுத்தார், எழும்பினோம். 200 அடி இருக்கும். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

கம்பிகளில் காற்று உரசுவது மட்டும் கேட்டது. என் கை தானாக ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தது. கீழே போகிறோம் என்றால் மூக்கைத் தூக்கத்தானே தோன்றும்! "ஹேண்ட்ஸ் ஆஃப்!" என்று கத்திக்கொண்டே சார் அதை முன்னால் தள்ளினார். எதிரே அறுத்து முடித்த ராகி வயல். அதிலேயே இறக்கினார். முன்சக்கரம் மடங்கியது, எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

பிறகு பிரித்துப் பார்த்தார்கள். இந்த எஞ்சினில் பெட்ரோல் பம்பை இயக்குவது எஞ்சினின் அடிக்கூடான கிரான்க்கேஸில் எழும் அழுத்தத் துடிப்பு. அதைப் பம்புக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாயில் நகக்கண் அளவுக்கு வெடிப்பு. துடிப்பு அதில் கசிந்துவிட்டால் பம்புக்குப் பலம் போதாது. ஐடிலில், அதாவது மெதுவாக ஓடும்போது, எஞ்சின் குடிப்பது கொஞ்சம், அதனால் வெளியே தெரியாது. ஃபுல் த்ராட்டிலில் கார்ப்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோல் சீக்கிரமே வற்றிவிடும். அது வற்றுகிற நேரத்தில்தான் நாங்கள் மரங்களுக்கு மேல் இருந்தோம்.

எஞ்சின் நின்றாலே விழவேண்டும் என்றில்லை. ஆனால் இது எடை குறைந்த வண்டி, காற்றுத் தடையோ அதிகம். மூக்கைத் தூக்கி ஏறும்போது விசை போனால் இரண்டு மூன்று நொடியில் வேகமும் போய்விடும். உடனே மூக்கைத் தாழ்த்தாவிட்டால் ஸ்டால்தான், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும். 'ஓடுதளம் பின்னாலேதானே இருக்கிறது, திரும்பிவிடலாம்' என்ற ஆசை அதைவிட மோசம். 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் ஆகும் வேகமே சுமார் 19 சதவீதம் ஏறிவிடும். 3000 அடியில் ஸ்டால் ஆனால் மீட்க உயரம் உண்டு. 200 அடியில் ஏது?

எல்லாப் பழியையும் எஞ்சின் மேல் போடவும் முடியாது. வால்மார்ட் நிறுவனர் சாம் வால்டனின் மகன் ஜான் வால்டன், 2005 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் விமான நிலையத்திலிருந்து இதுபோன்ற ஒரு சின்ன விமானத்தைத் தானே ஓட்டிப் புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து இறந்தார். வயது 58. வியட்நாம் போரில் சில்வர் ஸ்டார் பதக்கம் வாங்கியவர். விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகச் சொன்னது ஒரு சின்ன உலோக வளையத்தை. மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் எலவேட்டர் என்ற தகட்டை அசைக்கும் குழாயைப் பிடித்து நிறுத்துகிற பூட்டு வளையம் அது. கழற்றித் திரும்ப மாட்டியபோது சரியாக மாட்டப்படவில்லை. அந்தப் பிடியே போய்விட்டது. மாட்டியவரும் வால்டனேதான்.

ஜாய்ரைடு போகலாமா என்றால், போங்கள். நானும் அதற்குப் பிறகு நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஏறுவதற்கு முன் பைலட்டிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "கிளம்பினதும் எஞ்சின் நின்னா எங்கே சார் இறக்குவீங்க?" யோசிக்காமல் கையை நீட்டி ஒரு வயலைக் காட்டினால் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். "அதெல்லாம் நிக்காது" என்று சிரித்தால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.