கரையிலிருந்து தூண்டில்: முதலில் ஈயத்தைப் பாருங்கள்

கேள்வி: கடற்கரையில் நின்று தூண்டில் போட ஆசை. 14 அடிக் கோல் இருந்தால்தான் தூரம் போகும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

வேண்டாம். அவ்வளவு நீளக் கோலை முழுதாக வளைத்து வீசப் பழக்கம் வேண்டும். அது வருவதற்குள் தோள்பட்டை வலிதான் மிஞ்சும். 10 முதல் 12 அடி போதும்.

நீளத்தைவிட முக்கியமான எண் ஒன்று கைப்பிடிக்குச் சற்று மேலே அச்சிட்டிருக்கும்: 80–150 கிராம் என்பது போல. அந்தக் கோல் வீசக்கூடிய எடை அது. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டும் இரையும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். அந்தக் கோலில் 40 கிராம் ஈயத்தைக் கட்டினால் கோல் வளையவே வளையாது. மூங்கில் கழியால் எறிவது போலத்தான். ஆகவே எவ்வளவு ஈயம் தேவைப்படும் என்று முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

சரி, அவ்வளவு தூரம் எதற்கு? அலை உடையும் மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு பள்ளம் ஓடும். அலை புரட்டிவிடும் நண்டையும் புழுவையும் தின்ன மீன் அங்கே வரும். கடல் வற்றும் நேரத்தில் போய்ப் பாருங்கள்: அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருத்துத் தெரிகிற பட்டை அதுதான். சில இடங்களில் 20, 30 மீட்டரிலேயே இருக்கும். முதல் வருஷம் முழுக்க அந்த மீன்களின் தலைக்கு மேலாகத்தான் வீசிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: ரீல் எந்த சைஸ்?

ஸ்பின்னிங் ரீல், 5000 அல்லது 6000. இந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், உங்கள் தூண்டில் நரம்பு 200 மீட்டராவது பிடிக்குமா என்று ஸ்பூலில், அதாவது நரம்பு சுற்றும் உருளையில் பாருங்கள். விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். அதைவிடக் குறைந்தால் நரம்பு விளிம்பில் உரசி வேகம் குறையும். தளும்ப நிரப்பினால் முதல் வீச்சிலேயே சிக்கு விழும்.

கேள்வி: மோனோ நரம்பா, பிரெய்டா? ஷாக் லீடர் கட்டாயமா?

முதலில் மோனோ, அதாவது ஒற்றை இழை நரம்பு, 15 முதல் 20 பவுண்டு தாங்குவது. பல இழை பின்னிய பிரெய்டு மெலிசு, தூரம் போகும். ஆனால் வீசும்போது விரலை அறுக்கும், சிக்கு விழுந்தால் பிரிப்பது பெரும்பாடு.

லீடர் என்பது நரம்பின் முனையில் கட்டும் தடித்த நரம்பு. அந்த விஷயத்தில் சமரசமே கிடையாது. வீசும் நொடியில் ஈயத்தின் இழுப்பு அதன் எடையைப்போலப் பல மடங்காகும். அப்போது நரம்பு அறுந்தால் ஈயம் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது, கரையில் ஆட்கள் வேறு நிற்பார்கள். 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது பழைய கணக்கு. 112 கிராம் கட்டினால் 40 பவுண்டு லீடர். நீளம் கோலைப்போல இரண்டு மடங்கு. அதில் நாலைந்து சுற்று ரீலுக்குள் இருக்க வேண்டும். லீடரை நரம்போடு சேர்க்கும் முடிச்சு ஸ்பூலில் விரல் படாத பக்கமாக இருக்கட்டும்.

கேள்வி: ஈயம் உருண்டு உருண்டு கரைக்கே வந்துவிடுகிறது.

உருண்டை ஈயம் போட்டிருப்பீர்கள். பிரமிடு ஈயம் மணலில் குத்தி நிற்கும். கடலின் இழுப்பு பலமான நாளில் கம்பிக்கால் வைத்த ஈயம் போடுங்கள்.

கேள்வி: சர்க்கிள் முள் வாங்கினேன். கோலை வெடுக்கென்று வெட்டி இழுத்தால் மீன் தப்பிவிடுகிறது.

வெட்டாதீர்கள். சர்க்கிள் முள்ளின் முனை உள்பக்கமாக வளைந்திருக்கும். வெட்டினால் முள் வாயிலிருந்து வெளியே வந்துவிடும். மீன் கவ்விக்கொண்டு திரும்பி ஓடட்டும், கோல் தானாக வளையும். நீங்கள் நிதானமாகச் சுற்றினால் முள் வாயோரத்தில் ஏறிவிடும். சும்மா இருப்பதுதான் கஷ்டம், தெரியும்.

கேள்வி: இரண்டே மாதத்தில் ரீல் கரகரக்கிறது.

மணலில் வைத்தீர்களா? இரண்டடி பிவிசி குழாயின் ஒரு முனையைச் சாய்வாக அறுத்து மணலில் குத்துங்கள், கோல் அதிலேயே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மேலே மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பும் மணலும் உள்ளே போய்விடும். துடைத்து, காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.