ஆசியா முழுவதற்கும் ஒரே ஃபண்டு போதுமா?

ஆசியா வேகமாக வளர்கிறது, பல நாட்டுப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் ஆசிய ஃபண்டு வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி நினைத்து ஒன்று வாங்கினேன். ஓராண்டு கழித்துப் பங்குப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், சீனா, தைவான், இந்தியா, தென்கொரியா நான்கும்தான் பெரும்பகுதி. கையில் ஏற்கெனவே இருந்த இந்தியப் பங்குகளையே டாலர் கொடுத்து மறுபடி வாங்கியிருக்கிறேன். நம் தோட்டத்துக் கத்திரிக்காயைக் காரைக்குடிச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய கதை.

எங்கள் பாட்டையா காலத்தில் செட்டிநாட்டில் 'ஆசியா' என்ற பேச்சே இருந்திருக்காது. வட்டிக்குக் கடன் கொடுக்கும் கடைகள் ரங்கூன் கடை, பினாங்குக் கடை, கொழும்புக் கடை, சைகோன் கடை என்று தனித்தனிதான். கணக்கெழுதும் முறை ஒன்று, மேலாள் (கடையை நடத்தும் முகவர்), அடுத்தாள் (அவருக்கு அடுத்தவர்) ஏற்பாடு ஒன்று. முடிவு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. பர்மாவில் கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நெல்லை நம்பியவர்கள். 1930களில் நெல் விலை விழுந்தபோது அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கட்ட முடியாமல் போனார்கள். அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1937இல் 25 சதவீதம். வட்டிக்கு விடப் போனவர்கள் அந்நிய மண்ணில் மிராசுதார் ஆகிவிட்டார்கள். ஊர்க்காரர்களின் கோபமும் கூடவே வந்தது. 1942இல் ஜப்பான் படை நுழைந்தது, 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம். எங்கள் வீட்டுத் தேக்குத் தூண்கள் முன்பே கப்பலேறியதால் தப்பின.

அதனால் வளர்ச்சி விகிதத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அந்த நாடு எதை விற்றுப் பிழைக்கிறது, போட்ட பணத்தை வெளியே எடுக்க விடுவார்களா, இந்த இரண்டும் முதலில்.

தைவான் பங்குச் சந்தை மதிப்பில் கால் பங்குக்கு மேல் டிஎஸ்எம்சி என்ற ஒரே சிப் நிறுவனம். அதுவும் ஒருவகை நெல் வயல்தான். இந்தோனேசியாவுக்கு நிலக்கரி, பனை எண்ணெய், நிக்கல். அதிலும் 2020இல் நிக்கல் தாது ஏற்றுமதியை அரசே நிறுத்தி, தாதுவை உள்ளூரிலேயே உருக்கிப் பிரித்தெடுங்கள் என்றது. மலேசியா 1998 செப்டம்பரில் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டு, வெளிநாட்டார் பங்குப் பணத்தை ஓராண்டு வெளியே எடுக்கக் கூடாது என்றது. ஜப்பானில் சட்டம் ஒழுங்காகத்தான் இருந்தது, விலைதான் தப்பு: 1989 இறுதியில் தொட்ட உச்சத்தை அந்நாட்டுப் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் மறுபடி தாண்டியது 2024இல்.

சரி, நான் என்ன செய்தேன்? அந்த ஃபண்டை விற்றுவிட்டு ஜப்பானும் தைவானும் தனித்தனியாக, சிறிய அளவில் வைத்திருக்கிறேன். வியட்நாம் ஆசை காட்டுகிறது. ஆனால் அங்கே வங்கிப் பங்குகளில் வெளிநாட்டாருக்குப் பொதுவாக 30 சதவீதம்தான் இடம், நல்ல வங்கியில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். இன்னும் தொடவில்லை.