கைடிங் (தொலைநோக்கி விண்மீனைப் பிசகாமல் பின்தொடரச் செய்யும் திருத்தம்) சரியாக இருந்தும் எம்51 கேலக்ஸியின் படத்தில் விண்மீன்கள் நீள்கின்றனவா?

எக்ஸ்போஷரை 300 விநாடியிலிருந்து 60 ஆகக் குறைத்து, படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நீட்சி பெரும்பாலும் அடங்கிவிடும்.

கைடிங் பிழையைக் காட்டும் கிராஃப் ஒழுங்காக இருந்தும், விண்மீன்கள் படம் முழுக்க ஒரே பக்கமாக நீள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கைடிங்குக்காகப் பொருத்திய சிறு தொலைநோக்கியான கைடு ஸ்கோப், பெரிய தொலைநோக்கியை விட்டு மெல்ல வளைகிறது என்றே நினைக்கிறேன். கிராஃபுக்குத் தெரிவது கைடு ஸ்கோப் பார்ப்பது மட்டும்தானே!

டிதரிங்கை (படங்களுக்கிடையே தொலைநோக்கியை வேண்டுமென்றே சிறிது நகர்த்துவதை) நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் எடுத்து, முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒப்பிடுங்கள். எம்51 ஒரே திசையில் நகர்ந்திருந்தால் அநேகமாக வளைவுதான். கைடு ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத் திருகுகளை இறுக்குங்கள், தொங்கும் கேபிளைக் கட்டுங்கள். நிரந்தரத் தீர்வு ஆஃப் ஆக்சிஸ் கைடர்; அது பெரிய தொலைநோக்கியின் ஒளியிலேயே ஒரு சிறு பகுதியை எடுத்துக் கைடிங்குக்குத் தரும். அதில் கைடு விண்மீன் தேடுவது எரிச்சல்தான், ஆனாலும் வாங்கலாம்.

அப்புறம், ஓரங்களில் மட்டும் நீண்டால் இதெல்லாம் பொருந்தாது. ஓர விண்மீன்களைச் சீராக்கும் லென்ஸான கரெக்டருக்கும் கேமரா சென்சாருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பலவற்றுக்கு அது 55 மி.மீ.