கொழும்பில் பவளத் தொட்டி: கால்சியம் 360, கேஎச் 6. என்ன ஊற்றி ஏற்றுவது?

நீங்கள் கொடுத்த விவரங்கள்: 100 லீற்றர் தொட்டி, நாலைந்து கல் பவள ஃபிராக் (வளர்க்க வாங்கும் சிறு பவளத் துண்டு), கால்சியம் 360 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), கேஎச் (நீரில் உள்ள காபனேற்றின் அளவு) 6. கடைசியில் போகிற போக்கில் "உப்பு 1.022, மீன்களெல்லாம் நன்றாக இருக்கின்றன" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த 1.022 தான் முதலில் கண்ணில் பட்டது. அதைச் சரிசெய்யும் வரை எதையும் வாங்காதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். சாதாரணக் கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். அடர்த்தி எண் 1.026 ஐ ஒட்டி வரும். அந்த நீரில் கால்சியம் 420 பிபிஎம் அளவில், கேஎச் 7 அளவில். 1.022 என்றால் உப்பு ஏறத்தாழ 30 தான். அதாவது ஏழில் ஆறு பங்கு. கால்சியம் 420 இல் ஏழில் ஆறு பங்கு 360. கேஎச் 7 இல் ஏழில் ஆறு பங்கு 6. நீங்கள் எழுதிய இரண்டு எண்ணும் அப்படியே வந்துவிட்டன! உங்கள் தொட்டியில் இருப்பது கொஞ்சம் தண்ணீர் கலந்த கடல்நீர். குறைவது கால்சியம் அல்ல, உப்பு. இப்போது கால்சியத்தை 420க்கு ஏற்றிவிட்டு, அப்புறம் யாராவது சொல்லி உப்பைச் சரிசெய்தால் அது 490 வரை போய் நிற்கும்.

உப்பை அளக்கும், ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீற்றரில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி ஒட்டினாலே எண் மாறிவிடும். முடிந்தால் ரிஃப்ராக்டோமீற்றர் (ஒளி விலகுவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்குங்கள். அதை வெறும் தண்ணீரில் பூச்சியத்துக்கு வைத்துவிட்டு நம்பாமல், 35 என்று குறித்து விற்கும் அளவுத் திரவத்தில் சரிபாருங்கள். உப்பு உண்மையிலேயே குறைவு என்றால், சில நாட்களுக்கு ஆவியாகும் நீருக்குப் பதிலாக உப்புக் கரைத்த நீரை ஊற்றினால் போதும். ஒரு நாளில் 0.001க்கு மேல் ஏற வேண்டாம். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக் கரைக்குப் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் கால்வாய் கடலில் விழும் இடத்தில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் நான் ஏன் சொல்கிறேன் என்று விளங்கும்.

சரி, உப்பு 35க்கு வந்துவிட்டது, எண்களும் ஏறிவிட்டன. அங்கிருந்துதான் உங்கள் உண்மையான கேள்வி தொடங்குகிறது. பவளம் வளர வளர இரண்டையும் தின்னும். எலும்புக்கூடு கால்சியம் காபனேற்று என்பதால் ஒரே விகிதத்தில்தான் தின்னும்: கேஎச் 2.8 குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம் குறையும். இருப்பு மட்டும் ஒரே மாதிரி இல்லை. கால்சியம் 420 இல் 20 போனால் ஒன்றும் தெரியாது. கேஎச் 8 இல் 2.8 போனால் பவளத்தின் நுனி வெளுக்கத் தொடங்கலாம். அதனால் நான் கேஎச்சை வாரம் இரண்டு தடவையும் கால்சியத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும்தான் பார்க்கிறேன். மக்னீசியம் 1300 பக்கம் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை. அது குறைந்தால் கால்சியமும் கேஎச்சும் நீரில் நிற்காமல் சுண்ணாம்பாகப் படிந்துவிடும்.

துளி விட்டு நீலம் மஞ்சளாகும் கேஎச் கிட் உங்களிடம் இருந்தால் ஒரு துளிக்கு ஒரு டிகேஎச் (கேஎச்சை அளக்கும் அலகு). அது போதாது. 5 மில்லிக்குப் பதில் 10 மில்லி நீர் எடுங்கள், ஒரு துளி அரை ஆகிவிடும். வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். நீலம் ஒரு கணம் பச்சையாகி, அடுத்த துளியில் சட்டென்று மஞ்சளாகும். அளக்கும் நாளிலெல்லாம் ஒரே நேரத்தில் பாருங்கள்.

முதலில் மூன்று நாள் எதுவும் ஊற்றாமல் அளந்து, தொட்டி எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கேஎச் 8.5 இல் தொடங்கி 7.5க்கு வந்தால் நாளுக்கு 0.3 அளவு. 100 லீற்றரில் ஒரு டிகேஎச் ஏற்ற 3 கிராம் அப்பச்சோடா வேண்டும். ஆகவே நாளுக்கு 0.9 கிராம். அதற்கு இணையான கால்சியம் 2 பிபிஎம் சொச்சம், அதாவது இருநீர் (மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறு ஒட்டிய) கால்சியம் குளோரைட்டு 0.8 கிராம். மணலும் கல்லும் பிடித்த இடம் போக உங்கள் தொட்டியில் உண்மையான நீர் 85 லீற்றர் இருந்தால் அதற்கேற்பக் குறையுங்கள். அப்பச்சோடாப் பொதியில் சோடியம் பைகாபனேற்று மட்டும் என்று இருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும்.

சோடாக் கரைசலையும் கால்சியக் கரைசலையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் விடாதீர்கள், இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் நான் பட்டது இது. கால்சியக் கரைசலை விடும் பம்புக்கு பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர், காலை 9 மணி. சோடா பம்புக்குப் பழைய வட்டுச் சுழலும் டைமர், இரவு 9 மணி. மின்சாரம் போனால் வட்டு நின்றுவிடும், டிஜிட்டல் ஓடிக்கொண்டிருக்கும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கூட வெட்டினார்கள். வட்டு டைமர் பிந்திப் பிந்தி, ஒரு காலையில் இரண்டு கரைசலும் ஒன்றாக விழுந்தன. வேலைக்குப் போய் வந்து பார்த்தால் தண்ணீர் அரிசி கழுவிய நீர் போல இருந்தது. தொட்டியின் நீரோட்டப் பம்பைக் கழற்றினேன். உள்ளே காந்தச் சில்லு முழுக்க வெள்ளைப் படிவு, நகத்தால் சுரண்டினால் மணல் போல உதிர்ந்தது. வினாகிரியில் ஊறவைத்தபோது அரை மணி நேரம் நுரைத்துக்கொண்டே இருந்தது. தொட்டியில் கேஎச் 9 இலிருந்து 6.5க்கு விழுந்திருந்தது. ஊற்றியதும் போய், முன்பு இருந்ததும் போயிற்று. அதை ஒரே நாளில் மீட்கப் பார்க்கவில்லை, நாளுக்கு அரை டிகேஎச் வீதம் ஐந்து நாள் எடுத்தேன். இரண்டு பவளம் வெளுத்தன, ஒன்று தப்பியது. இப்போது இரண்டு பம்புக்கும் பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர், வெவ்வேறு நேரத்தில், தொட்டியின் எதிரெதிர் மூலைகளில்.

உங்களைப் போல ஃபிராக் குறைவாக இருக்கும்போது பம்பே வேண்டியதில்லை. ஆவியாகும் நீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிநீர் விட்டால் போதும். இந்தச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ரொக்சைட்டு, நம் சூட்டில் ஒரு லீற்றர் ஆர்ஓ (வடிகட்டி உப்பு நீக்கிய) நீரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிராம்தான் கரையும். இரண்டு கிராம் போட்டு, குலுக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் எடுங்கள். அடியில் நிற்கும் வண்டலைத் தொடாதீர்கள். 100 லீற்றருக்கு அந்தத் தெளிநீர் ஒரு லீற்றர் விட்டால் கேஎச் 1.1, கால்சியம் 8 பிபிஎம் ஏறும். நாளுக்கு 0.3 தின்னும் தொட்டிக்குக் கால் லீற்றர் சொச்சம். கொழும்பில் மின்விசிறி வைத்துக் குளிர்த்தும் திறந்த தொட்டியில் அதற்கு மேலேயே ஆவியாகும். மழைக்காலத்தில் ஆவியாதல் குறைந்தால் சுண்ணாம்பும் குறைவாகத்தான் போகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஏசி போட்டுப் பூட்டிய அறையில் காபனீரொக்சைட்டு சேர்ந்து பிஎச் 7.8க்கு இறங்கும் வீடுகளுக்கு இந்த நீர் இன்னும் நல்லது, அதைத் தூக்கிவிடும்.

நான் பாமசியில் வாங்கிய சேலைன் குழாயைத்தான் பயன்படுத்துகிறேன். உருளையைத் திருகி, இரவில் விளக்கு அணைந்த பிறகு இரண்டு விநாடிக்கு ஒரு துளி. வேகமான நீரோட்டம் உள்ள இடத்தில் விழ வேண்டும், பவளத்தின் மேல் ஒருபோதும் வேண்டாம். போத்தலில் அன்றைய அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். உருளை தளர்ந்து முழுவதும் ஒரேயடியாகக் கொட்டினாலும் தொட்டி தாங்கும் அளவுதான் அதில் இருக்க வேண்டும்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே பொருள்தான், ஆனால் அதில் வேறு என்ன இருக்கிறதென்று தெரியாது. உணவுத் தரம் என்று எழுதியதை வாங்குங்கள். ஒரு காலத்தில் அக்குரல, ஹிக்கடுவைப் பக்கம் பவளத்தைத் தோண்டிச் சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். இப்போது நம் கடலில் கல் பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். ஃபிராக் வாங்கும்போதும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். பவளத்தைச் சுட்டால் சுண்ணாம்பு; அதே பொருளை நாம் துளித்துளியாக விட, பவளம் திரும்ப எலும்பாக்கிக்கொள்கிறது. எத்தனையோ வருடமாகச் செய்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

தெளிநீரின் பிஎச் 12க்கு மேல். கண்ணில் பட்டால் காயமாகும். கையுறை, கண்ணாடி போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குடிக்கும் தண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். கால்சியம் குளோரைட்டு கரையும்போது நன்றாகச் சூடாகும், கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம்.

உப்பைச் சரிசெய்து இரண்டு நாள் கழித்துக் கால்சியத்தையும் கேஎச்சையும் மறுபடி அளந்து இங்கே போடுங்கள். மூன்று நாள் அளவுகளும் கிடைத்தால் உங்கள் தொட்டிக்கு நாளுக்கு எத்தனை மில்லி என்று நானே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.