இறைச்சித் தொழிலில் வியாபாரிகள் சங்கம் எதற்கு? சின்னக் கடைக்காரருக்கு அதனால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் விலையை ஏற்றித் தருவார்கள் என்று நம்பிச் சந்தா கட்டாதீர்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் பீடோரில் குடும்பமாக ஆட்டிறைச்சி, கோழிக் கடை நடத்துகிறோம். சுற்றியுள்ள தோட்டங்களில் சம்பளம் போட்டதும் வருகிறவர்களை வைத்துத்தான் எங்கள் வியாபாரம்.

விலை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரியில் அமலுக்கு வந்தது. போட்டிக் கடைக்காரர்கள் கூடிப் பேசி ஒரே விலை வைப்பதை அது தடை செய்கிறது. சங்கத் தீர்மானமாகப் போட்டாலும் தப்பிக்க முடியாது. அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியதே ஒரு சங்கம்தான்: எங்களுக்கு மேலே மலையில் இருக்கும் கேமரன் மலை மலர் வளர்ப்போர் சங்கம். பூ விலையை 10 சதவீதம் ஏற்ற உறுப்பினர்கள் முடிவெடுத்திருந்தார்கள். பூவுக்கு உள்ளதுதான் இறைச்சிக்கும். தீபாவளிக்கு முன் சங்கக் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சங்கத்தின் அவசியம் எனக்கு நன்றாகப் புரிந்தது 2022இல். பிப்ரவரியில் கோழிக்குக் கிலோ 8.90 ரிங்கிட் என்று உச்சவரம்பு விலை வந்தது. தீவனச் சோளமும் சோயாவும் வெளிநாட்டிலிருந்து வருபவை, அவற்றின் விலையோ ஏறிக்கொண்டே போனது. பண்ணைக்காரர்களுக்கு ஒரு கூட்டமைப்பு இருந்ததால், தங்கள் செலவுக் கணக்கை அரசாங்கத்திடமும் பத்திரிகைகளிடமும் எடுத்துச் சொன்னார்கள். ஜூலையில் உச்சவரம்பு 9.40 ஆனது, 2023 நவம்பரில் கோழி விலைக் கட்டுப்பாடே நீங்கியது. ஆனால் ஐஸ், மின்சாரம், வெட்டுக்கூலி, கழிவில் போகும் எடை என்று எங்கள் போன்ற கடைகளுக்கும் ஒரு கணக்கு இருந்ததே! அதை எடுத்துப் பேச எங்கள் வட்டாரத்தில் ஆள் இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அப்புறம் நம்பிக்கை. 2020 டிசம்பரில் ஜொகூர் செனாய் கிடங்கில் உறைந்த இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை போட்ட விவகாரம் பிடிபட்டபோது, உறைந்த இறைச்சியை நேர்மையாக விற்றவர்களும் வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெட்டியில் இருக்கும் அறுப்புக்கூட எண்ணைப் பார்ப்பது, எந்த நாட்டுச் சரக்கு, எப்போது வந்தது என்று எழுதி வைப்பது, குளிர்ப்பெட்டியின் வெப்பநிலையைக் குறிப்பது, இதையெல்லாம் கடைக்குக் கடை போய்க் கற்றுத்தர ஒரு சங்கத்தால்தான் முடியும். அமெரிக்க இறைச்சி நிறுவனம் (American Meat Institute) என்ற இறைச்சித் தொழில்துறைச் சங்கம் 2001இல் ஒரு நல்ல முடிவெடுத்தது: உணவுப் பாதுகாப்பில் உறுப்பினர்களுக்குள் போட்டி கிடையாது, தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று. ஒருவர் சரக்கு கெட்டால் எல்லோர் வியாபாரமும் படுக்கும் தொழில் இது, அதனால் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சேருவதற்கு முன் செயற்குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் இறக்குமதியாளர்கள் என்றால் அது அவர்களுடைய சங்கம். அவர்களுக்குச் சரக்கு விலை ஏறினால் லாபம், நமக்கு நஷ்டம். கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பையும் கேளுங்கள். பயிற்சி, உரிமம், அதிகாரிகளோடு பேச்சு என்று ஏதாவது நடந்திருக்கிறதா, இல்லை விருந்தும் மாலையும் மட்டும்தானா என்பது அதில் தெரிந்துவிடும்.

உங்கள் ஊரில் சங்கமே இல்லை என்றால் தொடங்கலாம். 1966 சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம்தான். சங்கப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். பீடோர், தாப்பா, சுங்கை மூன்று ஊர்களையும் சேர்த்தால் ஏழு கடைக்காரர்கள் கிடைப்பார்கள். நான் ஒருவன் தயார்.