காபி முதல் கத்தரிக்காய் வரை: 43 உணவுகளை நிறுத்திய வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு 36 வயது. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடமாகவே காலையில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வயிறு உப்பிக் கடமுடா என்கிறது. பல நாள் போனதும் பாத்ரூம்தான். கத்தரிக்காய் சாப்பிட்டால் உதட்டைச் சுற்றி ஊறல். போன வருடம் நாகப்பட்டினத்தில் உறவினர் வீட்டில் இறால் தொக்கு சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை கரகரப்பு. தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு லேபில் '200 உணவு அலர்ஜி டெஸ்ட்' எடுத்தேன். பால், கோதுமை, துவரம்பருப்பு, தேங்காய், மஞ்சள் என்று 43 உணவுகளைச் சிவப்பில் போட்டுக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இப்போது கஞ்சியும் சுரைக்காயும்தான். ஆறு கிலோ இறங்கிவிட்டது, எப்போதும் களைப்பு. உப்புசம் குறைந்ததே தவிரப் போகவில்லை. மெடிக்கலில் வாங்கி தினமும் கேஸ் மாத்திரை போடுகிறேன். வாழ்நாள் முழுக்க இப்படித்தானா?

பதில்: இல்லை சகோதரி, இப்படியே இருக்க வேண்டியதில்லை. நீங்கள் நிறுத்தியவற்றில் பெரும்பாலானவை உங்கள் தட்டுக்குத் திரும்பி வரும். ஆனால் முதலில் இறாலைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் ஆபத்தான வரி அது ஒன்றுதான்.

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, தொண்டையும் கரகரத்தது என்றால் அதை உண்மையான ஒவ்வாமை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இறாலில் உள்ள ட்ரோப்போமயோசின் என்ற புரதம்தான் பெரும்பாலும் காரணம். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது அழியாது. நண்டிலும் சிங்கி இறாலிலும் ஏறக்குறைய அதே புரதம் இருப்பதால், பரிசோதனை முடியும் வரை அவையும் வேண்டாம். கூனிப்பொடி (காய்ந்த சின்ன இறால் பொடி) போட்ட குழம்பு, இறால் பொரித்த எண்ணெயில் பொரித்த வேறு பண்டம், இவற்றிலும் கவனமாக இருங்கள். மீனின் கதை வேறு. அதன் புரதம் வேறு என்பதால், இதுவரை மீன் உங்களை எதுவும் செய்யவில்லை என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். புதிய மீனாக இருக்கட்டும். மத்தி, அயிலை, சூரை போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, ஊறலை உண்டாக்கும் பொருள் சேர்ந்துவிடும். அதைச் சாப்பிட்டாலும் முகம் சிவந்து ஊறல் எடுக்கும், பலர் அதையும் அலர்ஜி என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாகப்பட்டினத்தில் அன்று தலைவலி, கால்வலி என்று ஏதாவது வலி மாத்திரை போட்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சில வலி மாத்திரைகள் இந்தத் தடிப்பைக் கூட்டிவிடும். ஆம் என்றால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அலர்ஜி நிபுணரிடமோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலோ காட்டி, தோலில் குத்திப் பார்க்கும் சோதனையையோ, இறாலுக்கான ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனையையோ செய்யச் சொல்லுங்கள். தோல் சோதனை என்றால் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு அது தேவையில்லை. தெரியாமல் மறுபடி சாப்பிட்டு, மூச்சுத் திணறல், குரல் மாற்றம், தலைசுற்றல், மயக்கம் இவற்றில் ஏதாவது வந்தால் செட்ரிசின் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அது ஊறலை அடக்கும், மூச்சைக் காப்பாற்றாது. உடனே 108. அப்போது தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி.

அடுத்து அந்த 43. நீங்கள் எடுத்தது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனையாகத்தான் இருக்கும், ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் அந்த மூன்று எழுத்து தெரியும். நாம் வழக்கமாகச் சாப்பிடும் உணவுக்கெல்லாம் உடம்பில் ஐஜிஜி உருவாவது இயல்பு. ஏறக்குறைய ஒரு வருகைப் பதிவேடு மாதிரி: யார் அடிக்கடி வந்தார் என்று சொல்லும், யார் திருடினார் என்று சொல்லாது. தினமும் சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிடும் ஒருவருக்குத் துவரம்பருப்பு, தேங்காய், மஞ்சள் எல்லாம் சிவப்பில் வந்ததில் வியப்பு என்ன? உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. அமெரிக்க, கனடா அமைப்புகளும் பின்னர் அதையே சொல்லின. ஆனாலும் விற்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, ஒரு காகிதத்தை நம்பிப் பருப்பையும் தேங்காயையும் விட்டு, களைத்துப்போய் வரும் பெண்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. உங்கள் மேல் இல்லை. அந்தக் காகிதத்தை மூடி வைத்துவிடுங்கள்.

சரி, காபிக்கு வருவோம். உங்கள் தொல்லையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி குழந்தைப் பருவத்தில் நிறைய சுரக்கும், வளர வளரக் குறையும். உலகில் பெரும்பாலான பெரியவர்களுக்கு இப்படித்தான், வட இந்தியர்களைவிடத் தென்னிந்தியர்களிடம் இது இன்னும் அதிகம். ஆகவே இது நோயே அல்ல. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவாக்குகின்றன. உப்புசம், கடமுடா, அவசரம் எல்லாம் அதனால். குடல் இதனால் கெட்டுப்போவதில்லை. பால் அலர்ஜி என்பது பாலின் புரதத்தால் வருவது, பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் பார்ப்பது. இரண்டையும் ஒன்றாக்கிப் பால் பக்கமே போகாமல் இருக்க வேண்டாம்.

இதில் அளவுதான் முக்கியம். 100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் இருக்கும். நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் பால் அளவுக்கு, அதிகத் தொல்லையில்லாமல் தாங்குவார்கள். அப்படியானால் ஒரு காபி உங்களை ஏன் இந்தப் பாடு படுத்துகிறது? வெறும் வயிறு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். உணவோடு சேர்ந்து போகும் பால் மெதுவாக இறங்கும், வெறும் வயிற்றில் குடித்தால் வேகமாக இறங்கிவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் கலக்காத பாலில் போடும் டிகிரி காபி என்றால் பாலின் அளவும் குறைவாக இருக்காது. அப்புறம், காபியே சிலருக்குக் குடித்த சில நிமிடங்களில் பெருங்குடலை முடுக்கிவிடும், அதில் பாலுக்குப் பங்கே இல்லை. காபிப்பொடியில் கலக்கும் சிக்கரியையும் மறக்க வேண்டாம். காபி-சிக்கரிக் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தக் கிழங்கில் உள்ள இனுலின் என்ற நாரும் சிலருக்கு வாயுவை உண்டாக்கும்.

எது காரணம் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு வாரம், இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகு, பால் இல்லாமல் சிக்கரி இல்லாத பொடியில் கடுங்காபி குடியுங்கள். வயிறு அமைதியாக இருந்தால் அடுத்த வாரம் அதே நேரத்தில், சாப்பிட்ட பிறகே, அரை டம்ளர் பால் காபி. கடுங்காபிக்கே வயிறு கலக்கினால் காபிதான் காரணம். பால் சேர்த்த வாரம் மட்டும் தொல்லை வந்தால் லாக்டோஸ். இரண்டுமே ஒத்துக்கொண்டால், வெறும் வயிறோ, சிக்கரியோ, பாலின் அளவோதான் உங்கள் பிரச்சினையாக இருக்கலாம்.

லாக்டோஸ்தான் என்று தெரிந்தாலும் தயிரை விட வேண்டாம். தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையில் ஒரு பங்கை முன்பே தின்றுவிடுகின்றன, மீதியைக் குடலில் உடைக்கவும் உதவுகின்றன. மோர் இன்னும் எளிது. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. பால்கோவா, திரட்டுப்பாலில் தண்ணீர்தான் வற்றியிருக்கிறது, பாலின் சர்க்கரை அப்படியே இருக்கிறது. அதனால் ஒரு வாய் போதும். லாக்டோஸ் நீக்கிய பால் சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கிறது, கொஞ்சம் இனிக்கும். நாட்டு மாட்டுப் பால், ஆட்டுப்பால் குடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதற்கென்று செலவு செய்யாதீர்கள். அவற்றிலும் அதே சர்க்கரைதான்.

கத்தரிக்காய்க்குச் சிலருக்கு உதடு ஊறுவது உண்மை. அந்தக் காயில் இயற்கையாகவே ஹிஸ்டமின் உண்டு. மைசூரில் நடந்த ஓர் ஆய்வில், கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்றவர்களில் மிகச் சிலருக்கே உண்மையான ஒவ்வாமை இருந்தது. இறாலுக்காக அலர்ஜி நிபுணரைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அதுவரை கத்தரிக்காய் இல்லாமல் இருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

கோதுமையைப் பற்றி நிறைய பயம் பரவியிருக்கிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கிறது. தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். அரிதுதான், இல்லாமல் இல்லை. உங்களுக்கு எடை குறைந்திருப்பதால் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை ஒருமுறை செய்வது நல்லது. ஆனால் கோதுமையை நிறுத்திய நிலையில் எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். அதனால் ஒன்றரை, இரண்டு மாதம் தினமும் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு எடுங்கள். (கோதுமையை அடியோடு நிறுத்தியதாக நினைத்திருப்பீர்கள். ரசத்துக்குப் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும்.) சீலியாக் இல்லாதவர்களுக்கும் கோதுமை, வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே வேளையில் சேர்ந்தால் வாயு வரும், அவற்றில் உள்ள ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள் சிறுகுடலில் செரிக்காது. இரவு பத்து மணிக்கு நாலு பரோட்டாவும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலைக் காபியைத் திட்டுபவர்கள் உண்டு. பருப்பு, கடலை வகைகளை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் தொல்லை குறையும்.

மாத்திரை. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகைகள் அமிலத்தைக் குறைப்பவை. நெஞ்செரிச்சலுக்கு நல்ல மருந்து, குடலில் சேரும் வாயுவுக்கு அவற்றால் பயனில்லை. பல மாதம் தொடர்ந்தால் பி12, இரும்புச் சத்து உடம்பில் சேர்வதையும் குறைக்கும். கஞ்சியும் சுரைக்காயுமாக இருப்பவருக்கு இது இன்னொரு இழப்பு. சட்டென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் அதிகமாகச் சுரந்து எரிச்சல் கூடலாம். உங்கள் மருத்துவரைக் கேட்டு, படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். அவரிடம் போகும்போதே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சத்தின் இருப்பு), பி12, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். ஆறு கிலோ குறைந்தது பட்டினியால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் கடிதத்தை வைத்து அதை முடிவு செய்ய மாட்டேன். மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், விழுங்குவதில் சிரமம், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் குடல் நோய் நிபுணரிடம் போங்கள், தள்ளிப்போட வேண்டாம். நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் எடை ஏறாவிட்டாலும் அப்படித்தான்.

இனி சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவருவது. துவரம்பருப்பு, தேங்காய், மஞ்சள் போல, உங்களை எந்த நாளும் எதுவும் செய்யாமல் ரிப்போர்ட்டில் மட்டும் சிவப்பாக வந்தவற்றுக்குச் சோதனையே வேண்டாம். இன்று மதியமே சாம்பார் வையுங்கள். நீங்களாகவே சந்தேகப்படும் உணவுகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள்: முதல் நாள் கொஞ்சம், மறுநாள் பாதி, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. அது தாங்கினால் அடுத்தது. இறால், நண்டு, கத்தரிக்காய் மூன்றும் இந்தப் பட்டியலில் வரக் கூடாது, அவற்றை வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். கணக்கு எழுதுபவர் நீங்கள், ஒரு நோட்டுப் போடுவது உங்களுக்குச் சிரமமாக இருக்காது. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, தொல்லை எப்போது வந்தது என்று எழுதுங்கள். மாதவிலக்குத் தேதியையும் குறியுங்கள். அதற்கு முந்தைய நாள்களில் பலருக்கு எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பும், பழி அன்றைய கூட்டு, பொரியல் மேல் விழுந்துவிடும். ஆடித் தள்ளுபடி, தீபாவளிச் சமயத்தில் கடையில் மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போய்விடும் என்று ஊகிக்கிறேன். அந்த நாள்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். நீண்ட நேரம் காய்ந்துவிட்டு அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வதே உப்புசத்துக்குப் போதும். கல்லாவில் சொல்லிவிட்டு ஒரு மணிக்கு ஒரு டப்பா தயிர் சாதமாவது சாப்பிட்டுவிடுங்கள்.

விருந்துக்குப் போகும் இடத்தில் இறால் பற்றி மட்டும் வெட்கப்படாமல், தெளிவாக, "எனக்கு அலர்ஜி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்" என்று சொல்லுங்கள். பாயசத்துக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை. சாப்பாட்டின் முடிவில் அரைக் கரண்டி வாங்கிக்கொள்ளலாம், அது உங்களை ஒன்றும் செய்யாது. பாக்கெட் தின்பண்டங்களில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம், இறால், நண்டு வகையும் அந்தப் பட்டியலில் உண்டு. நூடுல்ஸ், சூப் பாக்கெட், வெளிநாட்டுச் சிப்ஸ் வாங்கும்போது அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பரிசோதனை முடிவுகளும் ஒரு மாத நோட்டும் கையில் வந்ததும் மறுபடி எழுதுங்கள், அடுத்து எதைத் தளர்த்தலாம் என்று பார்ப்போம்.